பி.எஸ்சி., மென்டல்

சிவகாசி,
ஆடி, வியாழக்கிழமை.

அன்பு மகன் மகேசுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், அப்பா, உன் அக்கா ஸ்ரீமதி மூவரும் சுகம், கல்யாண வீட்டில் எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு சுகம். உன் சுகத்தை அறிய ஆவல் என்று அடுத்த வரி எழுத வேண்டும். ஆனால் போன வாரம் வீடியோவில் உன் முகத்தைப் பார்த்துவிட்டேன், அறிய வேண்டியதெல்லாம் அறிந்தாகிவிட்டது. தாடி வளர்ந்திருக்கிறது, கண் உள்ளே போயிருக்கிறது, பின்னால் கட்டிலில் துவைத்த துணியா துவைக்காத துணியா என்று தெரியாமல் ஒரு மலை. போனில் பேசாமல் இதென்ன பேனாவும் காகிதமும் என்று நீ சிரிப்பாய். போனில் எங்கே பேசுவது? உன் பெயர் திரையில் விழுந்ததுமே அப்பா பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார், பிறகு மொத்த அச்சகமும் உன்னிடம் சாப்பிட்டாயா என்று கேட்கிறது. வாட்ஸப்பில் நான் பத்தி பத்தியாக எழுதினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறாய். அதனால்தான் பேப்பர் கடை மீரான் மைதீன் அண்ணனின் மகள் முஹ்சினா ஞாயிற்றுக்கிழமை மான்செஸ்டர் திரும்புகிறாள் என்று தெரிந்ததும் பார்சல் கட்டிவிட்டேன். சாத்தூர் காராச்சேவு, பருப்புப் பொடி, தேங்காய் எண்ணெய், அக்காவின் கல்யாணப் பத்திரிகை, இந்தக் கடிதம், அவ்வளவும் அதில் இருக்கிறது. பத்திரிகையை முதலில் பிரிக்காதே. இதை வாசித்து முடித்துவிட்டுப் பிரி.

நீ அனுப்பிய மெசேஜை நான் அழித்துவிட்டேன், அப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று. ஆனால் எனக்கு அது மனப்பாடம். அக்கா கல்யாணத்துக்கு வருகிறவன் அப்படியே இங்கே தங்கிவிடட்டுமா, படிப்பை விட்டுவிட்டு அச்சகத்தைப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்டிருந்தாய். பயிற்சிக்குப் போகும் வார்டில் ஒரு பெரியவர் ஆறிப்போன டீயை உன் சட்டை முழுக்க நனைய ஊற்றியதைக்கூட நீ காரணமாகச் சொல்லவில்லை. ‘ஷிப்ட் முழுக்க ஒருத்தர் பக்கத்துல சும்மா உக்காந்திருக்கேன்மா, அவரா பேசினாத்தான் பேசணும், இல்லைன்னா சும்மா இருக்கணும்னு சொல்றாங்க, இதுக்கு ஒரு டிகிரியா, இதுக்கு ஒரு விசாவா’ என்றுதான் எழுதியிருந்தாய். வாசித்தபோது எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சும்மா உட்காருவதற்கு ஆள் வேண்டுமென்றால் நம் தெரு டீக்கடையிலிருந்தே ஒரு லோடு ஏற்றி அனுப்பலாமே என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன், ஆனால் உன் அம்மா நேரடியாகப் பதில் சொல்லி நீ என்றைக்குப் பார்த்திருக்கிறாய்? முதலில் கல்யாணப் பத்திரிகையில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும், அது தெரியாமல் பதில் விளங்காது.

தீபாவளிச் சீசன் என்றால் நம் மிஷின் எப்படி ஓடும் என்று உனக்குத் தெரியும். பூச்சட்டிப் பெட்டி லேபிளுக்கும் சங்குசக்கரப் பெட்டி லேபிளுக்கும் நடுவில் கிடைத்த சந்தில்தான் சொந்த மகளின் கல்யாணப் பத்திரிகையை அப்பா நுழைத்தார். கம்ப்யூட்டரில் கோர்த்துக் கொடுத்தது மாரிசெல்வி, நீ போன பிறகு டிசைனுக்குச் சேர்ந்த பெண், வேலையில் சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம், அதனால் எனக்குப் பிடிக்கும். நம்மவர்கள் பத்திரிகையில் பெயரைவிடப் பட்டம் முக்கியம் அல்லவா. அப்பா தன் பெயருக்குக் கீழே உறவின்முறை முன்னாள் பொருளாளர், அச்சக சங்கத் துணைச் செயலாளர், பள்ளிக் கமிட்டி உறுப்பினர் என்று ரயில் பெட்டி மாதிரி கோத்துவிட்டார். நான் படித்த எம்.ஏ.வுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார். உனக்கு மிஞ்சியது ஒரு சின்ன வரி. அதில் மென்டல் ஹெல்த் நர்சிங் என்பது முழுதாக அடங்கவில்லை. மாரிசெல்வி என்ன செய்தாள் தெரியுமா, வழக்கமாகச் செய்வதையே செய்தாள். முதல் வார்த்தையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் வெட்டிவிட்டாள். மணமகளின் சகோதரர் மகேஷ்குமார், பி.எஸ்சி., மென்டல், யு.கே. பிறகு நான் கத்தியபோது அவள் கொஞ்சமும் அசராமல், ‘மெக்கானிக்கலுக்கு மெக்குன்னு போடுறோம், மேத்தமேட்டிக்ஸுக்கு மேத்ஸுன்னு போடுறோம், இதுக்கு மென்டல்னு போட்டேன், இதுல என்னக்கா தப்பு?’ என்று கேட்டாள். புரூப்பை அப்பா பார்த்தார், அவர் வரியை மட்டும். நானும் பார்த்தேன். என் எம்.ஏ. இல்லாத கோபத்தில் அதற்குக் கீழே கண் போகவில்லை.

முதல் பத்திரிகை இருக்கன்குடி மாரியம்மன் காலடிக்குப் போனது. அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது விருதுநகரில் சம்பந்தி வீட்டுக்குப் போனது, அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது மல்லாங்கிணற்றில் உன் அத்தை வீரலட்சுமிக்குப் போனது, அங்கேதான் வெடித்தது. போனில், ‘ஏ பிள்ள, எம் மருமகனுக்கு எப்ப இருந்து கிறுக்கு? சீமைக்குப் போனவன் படிக்கப் போனான்னுல்ல சொன்னீக, வைத்தியத்துக்கா அனுப்பி வச்சீக? அதையும் பத்திரிகையில அடிச்சு ஊருக்குக் குடுக்கணுமா?’ என்றாள். நான் பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்துவிட்டது, மகேசு. சிரிக்கக் கூடாத இடத்தில் எனக்கு எப்போதும் வரும் சிரிப்பு. அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. அவர் இத்தனை நாளும் ஊரில் உன்னைப் பற்றி ‘லண்டன்ல மெடிக்கல் லைன்’ என்றுதான் சொல்லிவைத்திருந்தார். நீ இருப்பது லண்டனும் இல்லை, அவர் சொல்லும்போது எதிரில் இருப்பவர் நினைத்துக்கொள்ளும் அந்த லைனும் இல்லை. ஆண்பிள்ளை நர்சுக்குப் படிக்கிறான் என்பதையே விழுங்கி வைத்திருந்தார் மனிதர், இப்போது அதைவிடப் பெரியதாக ஒன்று அவருடைய சொந்த மிஷினிலேயே அச்சாகி வந்துவிட்டது.

சிவகாசிக்காரனுக்கு இதற்கெல்லாம் ஒரே வைத்தியம்தான். விலை மாறினால் பெட்டி மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது போல, ‘ஸ்டிக்கர் ஒட்டிருவோம்’ என்றார் அப்பா. அன்றே நர்சிங் என்று பொடி எழுத்தில் ஸ்டிக்கர் அடித்து, கூடத்தில் ஜமுக்காளம் விரித்து, நானும் ஸ்ரீமதியும் மாரிசெல்வியும் உட்கார்ந்து உன் மென்டலை மூடினோம். உன் அக்கா ஒவ்வொன்றையும் ஒட்டும்போது ‘கெட் வெல் சூன்’ என்றாள், கல்யாணப் பெண் பேசுகிற பேச்சா அது. மூடியது பிரமாதமாகத்தான் இருந்தது. ஆனால் நம் ஊரில் ஸ்டிக்கரைப் பார்த்த எவனாவது சும்மா இருப்பானா? பட்டாசுப் பெட்டியில் பழைய விலை என்ன என்று சுரண்டிப் பார்த்தே வளர்ந்த நகங்கள் எல்லாம். பத்திரிகை வாங்கியவர்கள் மாப்பிள்ளை பெயரைக்கூட வாசிக்கவில்லை, நேரே உன் வரிக்குப் போய்ச் சுரண்டினார்கள். ஸ்டிக்கர் ஒட்டாமல் விட்டிருந்தால் பாதிப் பேர் கவனித்திருக்க மாட்டார்கள். ஒட்டியதால் ஊரில் ஒருவர் பாக்கியில்லை.

இந்த நேரத்தில்தான் சம்பந்தி ராஜபாண்டியனும் அவர் மனைவி தங்கத்தாயும் முன்கூட்டிச் சொல்லாமல் வந்து இறங்கினார்கள். அவர்களுக்குப் போனது ஸ்டிக்கர் ஒட்டாத பத்திரிகை என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒட்டாமல் கிடந்த கட்டின் மேல் அப்பா துண்டைப் போட்டு, துண்டின் மேல் தானே உட்கார்ந்துகொண்டார். காப்பி கொடுத்தேன். மழை இல்லை என்றார்கள், ஆமாம் இல்லை என்றோம். ஸ்ரீமதி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சம்பந்தம் இத்தோடு போச்சு என்றுதான் நினைத்தேன். தங்கத்தாய் டம்ளரை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே அடுப்படிக்கு வந்தாள், சுற்றும் முற்றும் பார்த்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். ‘மதினி, ஊருல அவனவன் வீட்டுக்குள்ள மூடி வைக்கிற விசயத்த நீங்க பத்திரிகையிலயே தைரியமா போட்டிருக்கீக. எம் மகன் இந்த வீட்டுல பொண்ணு எடுக்கிறது நாங்க செஞ்ச புண்ணியம். அதான் உங்ககிட்ட ஒண்ணு சொல்ல மனசு வந்துச்சு’ என்றாள். தைரியமாம். கூடத்தில் உன் அப்பா அந்தத் தைரியத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தார். அது டிசைன் பிள்ளை செய்த தவறு என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் கண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

அவள் சொன்னது அவள் தம்பி செல்லச்சாமியைப் பற்றி. எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேனாக இருந்தவர், நிச்சயதார்த்தத்துக்கு வராதபோது வெளியூரில் வேலை என்று நம்மிடம் சொன்னார்களே, அவர்தான். வெளியூரெல்லாம் இல்லை. போன கோடையில் அந்தக் கம்பெனியில் ஒரு ஷெட் வெடித்தது, பேப்பரில் நீயும் படித்திருப்பாய். இவர் உடம்பில் ஒரு கீறல் கிடையாது. அதற்குப் பிறகு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் வெளியே வருவதில்லை, பேசுவதில்லை, குளிப்பதில்லை. குக்கர் விசில் அடித்தால் மேசைக்கு அடியில் போகிறார் என்று அந்த வீட்டில் சோறு இப்போது வடித்துத்தான் ஆக்குகிறார்கள். தெருவில் சாவு ஊர்வலத்துக்கு வெடி போட்டால் அன்றைக்கு முழுவதும் சாப்பாடு இறங்காது. வேப்பிலை அடித்தாயிற்று, கயிறு கட்டியாயிற்று, ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூட்டிப்போகவில்லை, மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குக் கிறுக்கு என்று தெரிந்தால் பெண் கொடுக்க மாட்டார்கள் என்று நம்மைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறார்கள். நாம் இங்கே அவர்களைப் பார்த்துப் பயந்து ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தோம். ‘காயம் பட்டவகளுக்கு எல்லாம் கட்டுப் போட்டாக மதினி, இவனுக்கு நான் எங்கன கட்டுப் போட? தம்பி மகேசுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க’ என்று அவள் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னிடம் கேட்கவில்லை. நீயே விட்டுவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது உன் தலையில் இன்னொரு ஆளை ஏற்றுவதா? நானே போய்ப் பார்த்துவிடலாம் என்று விருதுநகர் பஸ் ஏறினேன். நீ சொன்னது ஞாபகம் இருந்தது, சும்மா பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதானே. நமக்கு வராதா. செல்லச்சாமி தம்பி வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே ஒரு துணிகூட இல்லை. அது ஓடினால் வெளியே வெடிச்சத்தம் கேட்காது என்று தங்கத்தாய் வெறுமனே ஓடவிடுகிறாளாம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்திலேயே வாய் நமநமவென்று அரிக்க ஆரம்பித்துவிட்டது. சமையல்காரர் பிரச்சினையைச் சொன்னேன், மண்டபத்துக்காரன் ஏமாற்றியதைச் சொன்னேன், இந்த வயதில் இப்படி உட்காரலாமா தம்பி என்று ஒரு அறிவுரையும் சொன்னேன், தக்காளி விலை வரைக்கும் வந்துவிட்டேன். அவர் மெதுவாக எழுந்தார், குளியலறைக்குள் போனார், கதவைத் தாழ் போட்டுக்கொண்டார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம். தங்கத்தாய் ஓடிவந்து, ‘குளிக்கானே! என்ன மந்திரம் போட்டீக மதினி?’ என்று கண்ணீர் விட்டாள். என் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் மனிதர் குளிக்கப் போனார் என்பதை நான் எப்படிச் சொல்வேன்.

அடுத்த முறை போனபோது வாயைத் திறப்பதில்லை என்று உறுதியாகப் போனேன். மகேசு, உண்மையைச் சொல்கிறேன், நான் செய்த வேலைகளிலேயே அதுதான் கஷ்டமான வேலை. கையில் போன் இல்லை, நறுக்கக் காய் இல்லை, மடிக்கத் துணி இல்லை. யோசித்துப் பார்த்தேன், என் வாழ்க்கையில் யார் பக்கத்திலாவது ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேனா? உங்கள் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால் கணக்குப் பார்ப்பேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் ஊட்டுவேன், திட்டுவேன், பேன் பார்ப்பேன். அவர் முகத்தைப் பார்க்கவா, பார்க்காமல் இருக்கவா என்பதே பெரிய குழப்பமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஏதாவது கேட்டுவிடலாம் போல இருந்தது, கேட்டால் என் மனசுக்கு நிம்மதி, அவருக்கு ஒன்றும் இல்லை என்பது அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. நான் இத்தனை வருடம் பிறருக்கு ஆறுதல் என்று பேசியதில் எவ்வளவு எனக்காகப் பேசியது என்று நினைத்துப் பார்த்தேன், அந்த யோசனை அவ்வளவு சுகமாக இல்லை. மெஷின் சுற்றி முடித்து நின்றது. யாரும் போய் மறுபடி போடவில்லை. அப்போது அவர் என்னைப் பார்க்காமலே, ‘எதுக்கு வந்திருக்கீக?’ என்று கேட்டார். ‘சும்மாதான்’ என்றேன். ரொம்ப நேரம் கழித்து, ‘நானும் அன்னைக்குச் சும்மாதான் வெளிய வந்தேன். டீ குடிக்க’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவும் இல்லை, உனக்கு அதைச் சொல்லித் தந்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று நான் கேட்டதற்கு அவர் சரியென்று தலையாட்டினார், அவர் அக்காவுக்குத்தான் தயக்கம், யார் கண்ணிலாவது பட்டால் என்ன சொல்வது என்று. இந்த மாவட்டத்தில் ஒரு மனிதர் எங்கே வேண்டுமானாலும் போய் யார் வீட்டு வாசலிலும் இறங்கலாம், கையில் தாம்பாளமும் பத்திரிகைக் கட்டும் இருந்தால் போதும், ஒருத்தரும் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். அப்படித்தான் போனோம். விஷயத்தைச் சொன்னதும் அப்பாவே கார் ஓட்டினார், தங்கத்தாய் பட்டுச்சேலை, நான் குங்குமச் சிமிழ், செல்லச்சாமி தம்பி மடியில் மஞ்சள் பை, நேரே பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவு. வழியில் பார்த்த தெரிந்தவர் ஒருவர், ‘டாக்டருக்கெல்லாம் பத்திரிகையா?’ என்று மட்டும் கேட்டார். உட்கார்ந்திருந்த இடத்தில் யாரோ எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுவிட்டார்கள். தம்பி உடம்பெல்லாம் ஆடிப்போய் பெஞ்சுக்கு அடியில் குனிந்துவிட்டார். நாங்கள் இரண்டு பெண்களும் திகைத்து நின்றோம். உன் அப்பா, எந்தக் கூட்டத்திலும் மைக் இல்லாமலே பேசுகிற உன் அப்பா, ஒரு வார்த்தை பேசாமல் வேட்டியை மடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். எழுந்திரு என்று சொல்லவில்லை, ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. கூப்பிடும் வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். டாக்டர் ஒரு சின்னப் பெண், பொறுமையாகக் கேட்டாள், இது கிறுக்கு இல்லை, அன்றைய அதிர்ச்சி இன்னும் உடம்பைவிட்டு இறங்கவில்லை என்றாள், அதற்கு ஒரு பெயரும் சொன்னாள், உனக்குத் தெரிந்திருக்கும். மாத்திரை கொடுத்தாள், வாரா வாரம் வரச் சொன்னாள். கிளம்பும்போது மரியாதைக்கு நிஜமாகவே ஒரு பத்திரிகை வைத்தோம். அவளும் இந்த மாவட்டத்துப் பெண்தானே, ஸ்டிக்கரைச் சுரண்டினாள். அப்பா தரையைப் பார்த்தார். டாக்டர் சிரிக்கவே இல்லை. ‘மென்டல் ஹெல்த் நர்சிங்கா சார்? கூட இருக்கத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் இங்க பஞ்சம்’ என்றாள்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. மெஷின் இன்னும் வெறுமனே ஓடுகிறது. ஆனால் கல்யாணத்தில் தாய்மாமனாக மேடையில் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், அதனால் தாலி கட்டும்போது வெடி கிடையாது என்று அப்பா அறிவித்துவிட்டார். உன் அத்தை வீரலட்சுமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, ‘சிவகாசிக்காரன் வீட்டுக் கல்யாணத்துல வெடி இல்லையா? வெளிய சொன்னா சிரிப்பாக’ என்று கேட்டாள். அப்பா, ‘ஏற்கெனவே சிரிச்சுட்டாகக்கா, இனிமே என்ன’ என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று மாலையே அவர் மாரிசெல்வி பக்கத்தில் போய் நின்றார். இன்னும் கொஞ்சம் பத்திரிகை அடிக்க வேண்டியிருந்தது. ‘ஏம்மா, எம் பேருக்குக் கீழ இருக்கிற பட்டத்தை எல்லாம் தூக்கிரு. அவனுக்கு எம்புட்டு எடம் வேணுமோ அம்புட்டும் குடு’ என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு பேப்பர் குடோனுக்குள் போய்விட்டார். மாரிசெல்வி என்னைப் பார்த்தாள். பிறகு இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கிறதே என்று என் பெயருக்குப் பின்னால் எம்.ஏ.வைச் சேர்க்கச் சொன்னேன். யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். விட்டுவிட்டு வரலாமா என்றால், வரலாம். குளிர் தாங்கவில்லை, ஆட்கள் பேசுவது பிடிபடவில்லை, தனியாக இருக்கிறது, அந்தப் பெரியவர் மறுபடி டீயை ஊற்றுவார் என்று பயமாக இருக்கிறது, எதுவானாலும் சரி, வீட்டுக்கு வருகிறவன் வாசலில் நின்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. அச்சகத்தில் வேலை இருக்கிறது. மாரிசெல்வி உன்னை மென்டல் அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள், இப்போதே கூப்பிடுகிறாள், அதை மட்டும் தாங்கிக்கொள்ள வேண்டும். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், ஒரு வாரம் பேச மாட்டார், பிறகு உன்னை மிஷின் துடைக்க விட்டுச் சமாதானமாகிவிடுவார். ஆனால் சும்மா உட்காருவதற்கு ஒரு டிகிரியா என்ற காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வராதே, அதை இந்த வீட்டில் நான் வாங்க மாட்டேன். நான் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அதற்கு ஒரு டிகிரி போதுமா என்பதுதான் என் சந்தேகம். அந்தப் பெரியவர் உன் மேல் டீயை ஊற்றிய பிறகும் நீ அங்கேயே உட்கார்ந்திருந்தாயா, எழுந்து போய்விட்டாயா என்று நீ எழுதவில்லை. இருந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். இல்லையென்றால் சட்டை அவ்வளவு நனைந்திருக்காது. செல்லச்சாமி தம்பிக்காகவோ அப்பா தூக்கி எறிந்த பட்டங்களுக்காகவோ நீ படிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. அப்படி எழுதுகிறவள் என்றால் ஸ்பீக்கரில் போட்டு அழுதே சொல்லியிருப்பேன். இவையெல்லாம் இங்கே நடந்தன, நீ தெரிந்துகொண்டு முடிவு செய், அவ்வளவுதான்.

அதனால் இன்னும் அடிக்க வேண்டிய அந்தக் கடைசிக் கட்டுப் பத்திரிகையை மிஷினில் ஏற்றாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். மிஷின் மக்கர் பண்ணுகிறது என்று அப்பாவிடம் மாரிசெல்வியைச் சொல்ல வைத்தேன், பாவம் மனிதர் நல்ல மிஷினை ஸ்பானருடன் சுற்றிச் சுற்றி வருகிறார். பார்சலில் இருப்பது அதன் புரூப். இப்போது பிரித்துப் பார். உன் பெயருக்குப் பின்னால் எதுவுமே போடவில்லை, வெள்ளையாக விட்டிருக்கிறது. மூன்று வார்த்தையும் போடு என்றால் முழுதாகப் போடுகிறோம், இந்த முறை வெட்ட மாட்டோம், மூடவும் மாட்டோம். வெறும் மகேஷ்குமார் போதும் என்றால் அதுவும் நல்ல பெயர்தான், நான் வைத்தது. இடத்துக்குக் குறைச்சல் இல்லை.

மாரியம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், ஏற்கெனவே உன் படிப்பு என்ன என்று அவளுக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். தலைக்கு எண்ணெய் வை. அந்தத் துணி மலையைத் துவை, வெறும் மெஷினை ஓடவிட எங்களுக்குக் காரணம் இருக்கிறது, உனக்கு இல்லை. காராச்சேவு நமத்துப்போவதற்குள் சாப்பிடு, அந்தப் பெரியவருக்குப் பல் இருந்தால் அவருக்கும் கொஞ்சம் கொடு. பதிலைக் கட்டைவிரலில் அனுப்பாதே, எழுத்தில் அனுப்பு, மாரிசெல்வி காத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அன்பு அம்மா, எம்.ஏ., வரலாறு.